தட்டில் வைத்த பேனா

பெட்டி முழங்கால்ல இடிக்குதுங்களா? இருங்க, மடியில வச்சுக்கறேன். மேல போடுங்கன்னு கண்டக்டரும் சொன்னாரு, நான்தான் மாட்டேன்னுட்டேன். உள்ள இருக்கறது மேஜைச் சாமானுங்க. மேஜைச் சாமான்னா, ஆபீஸ் மேஜை மேல வைக்கற சாமான். பேனா, பேனா ஸ்டாண்டு, பேப்பர் வெயிட்டு, குண்டூசி டப்பா, விசிட்டிங் கார்டு வைக்கறதுக்கு ஒரு தாங்கி. எல்லாம் ஒரே செட்டு. வாகை மரமும் பித்தளையும். நான் பண்ணது.

நான் பண்ணதுன்னா, வரைஞ்சது நான். கடைசல் வேலை பாதி நான், பாதி என் சம்சாரம் கோகிலவாணி. பாலிஷ் முழுக்க அவதான். என் பேரு தனபாலுங்க. கரூர்ல இருக்கோம். ஸ்டுடியோன்னு போர்டு வச்சிருக்கேன். வர்றவங்க எல்லாரும் பட்டறைன்னுதான் சொல்றாங்க. வாணியும் பட்டறைன்னுதான் சொல்வா. நாலு வருஷமாத் திருத்திப் பார்த்துட்டேன், திருந்தலை.

நீங்க வெள்ளக்கோயில்ல ஏறுனீங்க இல்ல? கோயமுத்தூரா? நானும் அங்கதான் போறேன். பம்ப் கம்பெனிக்கு. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வேலைக்குச் சேரணும். திரும்பச் சேரணும்னு சொல்லணும். ஏற்கெனவே அங்க டிராயிங் செக்ஷன்ல பதினோரு வருஷம் இருந்தேன். பம்புக்குள்ள ஒரு விசிறி சுத்துமில்ல, அதை வரையறதுதான் நம்ம வேலை. பம்பு கிணத்துக்குள்ள இறங்கிடும். அதுக்கப்பறம் அந்த விசிறியை ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. பதினோரு வருஷம் யாரும் பார்க்காத பொருளையே வரைஞ்சுட்டு இருந்தா மனுசனுக்கு எப்படிங்க இருக்கும்? விட்டுட்டு வந்துட்டேன். நாலு பேரு தினம் கையில எடுக்கற பொருளைப் பண்ணணும்னு வந்தேன். பேனா பண்ணேன்.

இந்தத் தைப் பொங்கல் சமயத்துல ஒரு பெரிய வாய்ப்பு வந்துச்சுங்க. ஒரு தனியார் வங்கி. பேரு வேண்டாம், அவங்க மேல தப்பில்லை. அவங்களுக்கு முப்பத்தெட்டுக் கிளை. முப்பத்தெட்டுக் கிளைக்கும் மேஜைச் சாமான் மாத்தப் போறாங்க. அது கிடைச்சா பட்டறை நிக்கும். ஸ்டுடியோ நிக்கும். கிடைக்கலைன்னா பம்ப் கம்பெனிதான். என் மச்சான், அதாவது வாணியோட அண்ணன், பழனியப்பன்னு பேரு, அங்க மேனேஜரா இருக்காரு. "மாப்ள, ஒரு இடம் காலியாகுது, பங்குனி வரைக்கும் பிடிச்சு வைக்கறேன், அதுக்கு மேல என்னால ஆகாது"ன்னு சொல்லிட்டாரு. நல்ல மனுசன்தான். ஆனா அந்த நல்லதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாருங்க, அது எனக்கு ஆகாது.

வங்கிக்காரங்க என்ன சொன்னாங்கன்னா, குளித்தலைக் கிளையில ஒரு மாசம் வச்சுக் காட்டுங்க, பிடிச்சிருந்தா எல்லாக் கிளைக்கும் கொடுக்கறோம்னாங்க. மேஜைச் சாமான் பார்த்த உடனே பிடிச்சுப்போச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. கவுன்டர்ல ஜனங்க எழுதறதுக்கு ஒரு பேனா இருக்குமில்ல, கயித்துல கட்டி. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க, கயிறு இல்லாம, பேனாவும் காணாமப் போகாமன்னாங்க.

நீங்களே சொல்லுங்க. பேனாவைக் கயித்துல கட்டறதுக்கு அது என்ன ஆட்டுக்குட்டியா? கையெழுத்துப் போடப் போனா கயிறு பத்தாது, மனுசன் குனிஞ்சு, கோணி, பேனா இருக்கற இடத்துக்குச் சலானைக் கொண்டுபோய் எழுதறான். நான் சொன்னேன், கட்டி வச்சாத்தான் அறுத்துட்டுப் போகத் தோணும், அழகா வச்சா திருப்பி வைக்கத் தோணும். ஜனங்களுக்கு ஒரு மரியாதை கொடுத்துப் பாருங்க, அவங்களும் பொருளுக்கு மரியாதை கொடுப்பாங்க. வங்கிக்காரங்க தலையை ஆட்டுனாங்க. வாணி மட்டும், "எதுக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளர்ல போட்டுக் கவுன்டருக்கு உள்பக்கமா வைங்க, கேட்டா எடுத்துக் கொடுக்கட்டும்"னா. டம்ளராம்.

நான் எப்படிப் பண்ணேன் தெரியுங்களா? பதினாலு அங்குலத்துல வட்டமா ஒரு பித்தளைத் தட்டு. உள்ள மெரூன் கலர் வெல்வெட்டு. அதுல இருபத்திநாலு பேனா, தாமரை விரிஞ்ச மாதிரி சுத்தி அடுக்கி வச்சேன். பேனா மரத்துக்குக் கறுப்புப் பாலிஷ், கிளிப்பு மட்டும் பித்தளை. உருளக்கூடாதுன்னு ஆறு பட்டை. அதுல வங்கியோட பேரு, பக்கத்துல 'நல்வரவு'ன்னு சின்னதாப் பொறிச்சேன். கவுன்டர்ல வச்சா அழகு எடுக்காதுன்னு வாசல்ல, உள்ள நுழைஞ்ச உடனே, ஒரு சின்ன மேஜை போட்டு அது மேல வச்சேன். அங்க சுகன்யான்னு புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணு ஒண்ணு. அந்தப் பொண்ணைப் பக்கத்துல நிக்க வச்சு, வர்றவங்களுக்குக் கை கூப்பி வணக்கம் சொல்லச் சொன்னேன். அது முதல் நாளுங்கறதால பட்டுச் சேலை கட்டிட்டு வந்துச்சு. வீட்ல இருந்து ஒரு கிண்ணம் கல்கண்டும் கொண்டு வந்து தட்டுக்குப் பக்கத்துல வச்சுச்சு. நல்லாத்தானே இருக்குன்னு தினமும் வைக்கச் சொல்லிட்டேன்.

வாணியும் அவ தங்கச்சியும் முதல் நாள் பார்க்க வந்தாங்க. உள்ள நுழைஞ்சதும் வாணி அப்படியே நின்னுட்டா. "கல்யாண வீடு மாதிரியே இருக்குங்க"ன்னா. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுங்களா. நாலு வருஷத்துல அவ வாயில இருந்து வந்த முதல் பாராட்டு. அவ தங்கச்சி ஒரு பேனாவை எடுத்துக் கைப்பைக்குள்ள போட்டுக்கிட்டா. சொந்தக்காரப் பொண்ணாச்சேன்னு நானும் ஒண்ணும் சொல்லலை.

சிரிக்கறீங்க. எல்லாரும் இந்த இடத்துல சிரிக்கறாங்க, ஏன்னு தெரியலை.

அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள இருபத்திநாலுல மூணு பேனாதான் மிச்சம். சரி, முதல் நாள், புதுசுன்னு ஒரு ஆசை இருக்கும்னு திரும்ப அடுக்குனேன். மறுநாள் பதினொரு மணிக்கே தட்டு காலி. கொஞ்சமாவது ஒளிச்சு மறைச்சு எடுத்தாங்கன்னா திருட்டுன்னு மனசைத் தேத்திக்கலாம். சுகன்யா வணக்கம் சொல்றா, இவங்க சிரிச்சுக்கிட்டே ஒண்ணு எடுத்து, பார்த்து, பையில வச்சுக்கிட்டு, ஒரு கல்கண்டும் வாயில போட்டுக்கிட்டு உள்ள போறாங்க. ஒரு அம்மா, "வீட்ல பசங்க ரெண்டு பேரு இருக்காங்க கண்ணு, இன்னொண்ணு எடுத்துக்கட்டுமா"ன்னு கேக்குது. ஒருத்தர், "நேத்து வந்தப்ப அவசரத்துல எடுக்காமப் போயிட்டேன், வீட்ல கேட்டாங்க"ன்னு அதுக்காகவே பஸ் ஏறி வந்திருக்காரு. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. நானும் வாணியும் ராவும் பகலுமா உட்கார்ந்து கடையறோம், பத்து மணிக்குக் கதவு திறந்தா அள்ளிட்டுப் போறாங்க.

வாணி அப்பவும் சொன்னா, "தட்டை எடுத்துடுங்க, எல்லாம் சரியாயிடும்"னு. தட்டை எடுத்துட்டா அப்பறம் டிசைன் என்ன இருக்கு? தட்டுதான் அந்தச் செட்டுக்கே முகம். நான் தட்டை இன்னும் நல்லாத் துடைச்சு, நடுவுல ஒரு ரோஜாப்பூ வச்சேன். இதைப் பார்த்தாவது வெக்கப்படுவாங்கன்னு நினைச்சேன்.

பன்னெண்டாவது நாள், இனி நானே உட்கார்ந்து பார்த்துடறதுன்னு முடிவு பண்ணி, தூண் ஓரமா ஒரு நாற்காலி போட்டு, பேப்பர் படிக்கற மாதிரி உட்கார்ந்தேன். பத்தரை மணி இருக்கும். எழுபது வயசுல ஒரு பெரியவர் வந்தாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நல்ல களையான முகம். சுகன்யா கை கூப்புனா, அவரும் கை கூப்புனாரு. வலது கையால ஒரு பேனாவை எடுத்தாரு. திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. சரி, எழுதிட்டுத் திருப்பி வைப்பாரோன்னு பார்த்துட்டே இருக்கேன். கவுன்டருக்குப் போயி, சலானை எடுத்து, தன்னோட சொந்தப் பேனாவை எடுத்து எழுதறாருங்க. சொந்தப் பேனா. நிப்பு மழுங்கிப்போன பழைய பேனா. அப்ப இதை எதுக்கு எடுத்தாரு? எழுத வேண்டிய அவசியமே இல்லாத ஆளு எடுத்தா அதுக்குப் பேரு என்ன?

எனக்குப் பன்னெண்டு நாள் எரிச்சலும் ஒண்ணாச் சேர்ந்துக்கிச்சு. எந்திரிச்சுப் போயி, "பெரியவரே, பையில போட்ட பேனாவை எடுத்து வைங்க. இத்தனை வயசுக்கு மேல ஒரு பேனாவைத் திருடித்தான் பொழைக்கணுமா"ன்னு கேட்டுட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். மிஷின்ல நோட்டு எண்ணிட்டு இருந்தவங்ககூட நிறுத்திட்டாங்க.

அவரு பையில கை விட்டாரு. பேனாவை எடுத்து, திரும்ப வாசலுக்கு நடந்து போயி, தட்டுல இருந்த இடத்துலயே வச்சாரு. அப்பறம் என்னைப் பார்த்துச் சொன்னாரு, "தம்பி, வாசல்ல தட்டு வச்சு, ஒரு பொண்ணு நின்னு வாங்கன்னு சொல்லுச்சு. எடுக்காமப் போனா அவங்களுக்கு மரியாதையா இருக்காதுன்னு எடுத்தேன். எனக்குச் சர்க்கரை இருக்குது, அப்படியும் ஒரு கல்கண்டு எடுத்துக்கிட்டேன்." இவ்வளவுதான் சொன்னாரு. வந்த வேலையை முடிக்காமலே படியிறங்கிப் போயிட்டாரு.

எப்படிப் பேச்சு பாருங்க. மரியாதைக்காகத் திருடுனாராம்.

அவரு அங்கமுத்து வாத்தியாராம். அந்த ஊர் ஹைஸ்கூல்ல முப்பத்திரண்டு வருஷம் இருந்தவராம். எனக்கு எப்படித் தெரியும்? ஹால்ல இருந்த பாதிப் பேரு அவர்கிட்ட படிச்சவங்க. கிளை மேனேஜர் வளர்மதி மேடமும் அவர்கிட்ட படிச்சவங்கதான். கேபினை விட்டு எந்திரிச்சு ஓடி வந்தாங்க, அதுக்குள்ள அவரு ரோட்டுக்குப் போயிட்டாரு. மேடம் என்னை ஒரு வார்த்தை திட்டலை. "தனபால், செட்டை எடுத்துக்கோங்க. ஹெட் ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன்"னாங்க. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. இத்தனைக்கும் மேஜைச் சாமான்ல ஒரு குறை சொல்லலைங்க அவங்க. பேப்பர் வெயிட்டை எடுத்து என் கையில கொடுக்கும்போதுகூட ஒரு தடவை தடவிப் பார்த்துட்டுத்தான் கொடுத்தாங்க. நான் பெட்டியைக் கட்டி முடிக்கறதுக்குள்ள பியூன் ஒரு பேனாவைச் சணல்ல கட்டிக் கவுன்டர்ல தொங்க விட்டுட்டான்.

முப்பத்தெட்டுக் கிளையும் போச்சு.

நான் வீட்டுக்கு வந்து சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன். வாணி என்ன பண்ணா தெரியுங்களா? மறுநாள் எனக்குச் சொல்லாம பஸ் ஏறிக் குளித்தலைக்குப் போயி, அந்த வாத்தியார் வீட்டைக் கண்டுபிடிச்சு, மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருக்கா. தப்பு எங்க மேலதான்னு சொன்னாளாம். எங்க மேலயாம். எடுத்தது அவரு, தப்பு எங்க மேல. அதோட விட்டாளா? வரும்போது ஒரு ஆர்டரும் வாங்கிட்டு வந்துட்டா. வாத்தியாரோட பேத்திக்கு மாசியில கல்யாணமாம். "அந்தப் பேனா நீங்க பண்ணதா? நல்லா இருந்துச்சும்மா. கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுக்கலாமா"ன்னு கேட்டாராம். அறுநூறு பேனா. பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லைங்க. நான் என்ன தாம்பூலப் பை போடற கடையா வச்சிருக்கேன்? ஆபீஸ்ல, மேஜை மேல, ஒரு அதிகாரி கையெழுத்துப் போடறதுக்குன்னு வரைஞ்ச பேனாங்க அது. அதைத் தேங்காயோட சேர்த்துக் கொடுக்கறதா? வாணி திருப்பிக் கத்தலை. அவ கத்துனா எனக்குச் சமாளிச்சுக்கத் தெரியும். "ஜனங்க எடுத்துட்டுப் போறாங்கன்னுதானே பன்னெண்டு நாளா அழுதீங்க? எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றவர் ஒருத்தர் கிடைச்சிருக்காரு. நான் பண்ணிக் கொடுக்கறேன்"னு சொல்லிட்டு மிஷினைப் போட்டுட்டா.

நான் தொடலை. அறுநூறையும் அவளேதான் கடைஞ்சா. அவ தங்கச்சி வந்து பேரு பொறிச்சா. நான் தின்னுட்டுப் படுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன், ஆறு பட்டையை அப்படியே விட்டிருந்தா. அது ஒண்ணாவது தெரிஞ்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன்.

வாத்தியார் பத்திரிகை வைக்க நேர்ல வந்தாரு. கரூருக்கு, அந்த வயசுல, பஸ்ல. தட்டுல வெத்தலை பாக்கு, மஞ்சள், பத்திரிகை வச்சு என் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கறாரு. நடந்ததைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன பண்ணுவேன், நீட்டுன தட்டுல இருந்து எடுத்துக்காம எப்படிங்க இருக்க முடியும்? எடுத்துக்கிட்டேன். எடுத்துக்கிட்டா போகணும். போனேன்.

மண்டப வாசல்ல தட்டு வச்சிருந்தாங்க. என் தட்டு இல்லை, சாதாரணத் தட்டு. ஒரு சின்னப் பொண்ணு பேனாவை நீட்டிக்கிட்டு நிக்குது. நான் ஓரமா நின்னு பார்த்தேன். வந்தவங்க ஒருத்தர்கூட எடுக்காமப் போகலைங்க. எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளங்கையில கிறுக்கிப் பார்க்கறாங்க. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட காட்டறாங்க. ஒருத்தர் மூடியை மாட்டறாரு, கழட்டறாரு, அந்த டிக்குங்கற சத்தத்துக்காகவே நாலஞ்சு தடவை பண்றாரு. அந்தச் சத்தத்துக்கு நான் எட்டு மாசம் உழைச்சிருக்கேன். இந்த நாலு வருஷத்துல என் பேனாவை ஒரு மனுசன் அவ்வளவு நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை. வயிறு எரிஞ்சுச்சுங்க. இப்படிப் பார்க்கத் தெரிஞ்சவங்க ஆபீஸ்ல இருக்க வேண்டியவங்க, கல்யாண வாசல்ல நிக்கறாங்களேன்னு இருந்துச்சு.

அப்ப வாத்தியார் என்னைப் பார்த்துட்டாரு. கையைப் பிடிச்சு நேராப் பந்திக்குக் கூட்டிட்டுப் போயி, எல்லார்கிட்டயும், "இவரு நம்ம பேனாக்காரம்மா வீட்டுக்காரர்"னு சொல்றாரு. பேனாக்காரம்மா வீட்டுக்காரர். வரைஞ்சது யாருன்னு ஒருத்தரும் கேக்கலை. மூணு பேரு வாணியோட நம்பரை வாங்கிட்டுப் போனாங்க. ஒருத்தருக்குச் சித்திரையில கல்யாணம், ஒருத்தருக்கு மணிவிழா, இன்னொருத்தர் என்னமோ பள்ளிக்கூட ஆண்டு விழான்னாரு. என்கிட்ட, "பாயசம் போட்டுக்கோங்க"ன்னாங்க.

அன்னைக்குச் சாயங்காலமே மச்சானுக்குப் போன் பண்ணிட்டேன். வர்றேன்னு சொல்லிட்டேன். அவரு அந்தச் சிரிப்பைச் சிரிச்சாரு, போன்லயே கேட்டுச்சு. வாணியாவது போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அங்க போனா உங்க மனசு ஆறும்னா போயிட்டு வாங்க"ன்னா. மனசு ஆறறதுக்கு யாருங்க பம்ப் கம்பெனிக்குப் போவாங்க?

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ம், சொல்லு. வெள்ளக்கோயில் தாண்டிட்டேன். சாப்ட்டேன். ம். அதான் மூணு ஆர்டரும் எடுத்துட்டியே, நீயே பாரு. என்னால ஆகாது. ஆள் வச்சுக்கோ. என்ன? எப்ப? யாரு அது? எங்க உட்கார வச்சிருக்க? எங்க? யாரைக் கேட்டுக் கொடுத்த? ஹலோ. வாணி. ஹலோ.

வச்சுட்டா.

ஆள் வச்சுட்டாளாங்க. சின்னராசுன்னு ஒருத்தன். இன்னைக்கு நான் பஸ் ஏறுன கையோட வந்து சேர்ந்துட்டானாம். உட்கார இடம் வேணும்ல, அதனால என் மேஜையை அவனுக்குக் கொடுத்துட்டேன்னு சொல்றா. சாதாரணமாச் சொல்றாங்க, கறிவேப்பிலை வாங்கிட்டேன்னு சொல்ற மாதிரி. பம்ப் கம்பெனியை விட்டுட்டு வந்ததும் நான் முதல் முதல்ல பண்ணது அந்த மேஜைதான். வடக்கு ஜன்னலோரம், என் முழங்கைக்குச் சரியா உயரம் பார்த்து, ஏழு தடவை பாலிஷ் போட்டு. அது மேல இதுவரைக்கும் ஒரு டம்ளர் தண்ணி வைக்க விட்டதில்லை யாரையும். அவ பேசிட்டு இருக்கும்போதே பின்னாடி டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கற சத்தம் கேட்டுச்சு. என் மேஜை மேலதான். எனக்குத் தெரியும், மரத்துல பட்டா ஒரு மாதிரி சத்தம் வரும்.

இதை என்னால தாங்க முடியலைங்க. முப்பத்தெட்டுக் கிளை போனப்பகூட இப்படி ஆகலை. பேனாவுக்கு என் பேரைச் சொல்லலை, சரி. வீட்டுக்காரர்னு சொன்னாங்க, அதுவும் சரி. நான் உட்கார்ந்த இடத்துல இன்னொருத்தன் உட்கார்ந்து தயிர்ச் சோறு திங்கறான், அதை அவ பார்த்துக்கிட்டு நிக்கறா.

இந்த பஸ் காங்கேயத்துல நிக்குமில்லைங்க? அங்க இருந்து கரூருக்கு உடனே வண்டி இருக்குமா? நாளைக்கு ஒன்பது மணிக்கு மச்சான் கம்பெனி கேட்டுல நிப்பாரு. நிக்கட்டும். நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க, அவகூட சேர்ந்து கல்யாணப் பேனா கடையறதுக்கெல்லாம் நான் திரும்பிப் போகலை. என் மேஜையைத் திரும்ப வாங்கத்தான் போறேன்.